பிரெஞ்சு ஒயினும் நம் நாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்காலில் பிறந்தவன் நான். பாரிசில் ஒயின் கடையில் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் சரி, இங்கே சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சரி, ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. தேவையான இடத்தில் எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. அண்ணே, ஒயின்னா இனிப்பாத்தானே இருக்கும்? இது ஏன் இப்படித் துவர்க்குது?

கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரை போட்டு வீட்டில் ஊறவைக்கும் திராட்சை ஒயினைக் குடித்துப் பழகியவர்களுக்கு, பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் முதல் வாய் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பழத்தில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. அது முழுதாகத் தின்று முடிக்கும்வரை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் சர்க்கரை பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராமுக்கும் குறைவு. பிரான்சின் சிவப்பு ஒயின்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ரகம்தான்.

துவர்ப்பு, திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் உள்ள டானினால் வருகிறது. கடுந்தேநீர், வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள்தான் இருக்கின்றன. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்ளும்போது வாயின் வழுவழுப்பு போய்விடும். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும். ஐரோப்பியர்கள் இதைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தொடு உணர்வு என்பார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. இந்த விஷயத்தில் நம் நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது என்பதை நான் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். "இது பாக்கு மாதிரி இழுக்குது", "இது டீ மாதிரி" என்று நம்மவர்கள் சட்டென்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். நல்ல ஒயினுக்கும் சுமாரான ஒயினுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் பாதி, அந்தத் துவர்ப்பு கரகரவென்று இருக்கிறதா, சலித்த மாவு போல மெல்லப் படிகிறதா என்பதில் இருக்கிறது.

2. மிளகு, வெண்ணெய், குடைமிளகாய்னு சொல்றீங்களே, அதெல்லாம் உள்ள போடுறாங்களா?

எதையும் போடுவதில்லை. அந்தப் பொருள்களுக்கு வாசம் கொடுக்கும் அதே வேதிப்பொருள்கள் ஒயினிலும் இருக்கின்றன. சிரா திராட்சையில் மிளகு வாசம் வரக் காரணம் ரோட்டண்டோன். மிளகில் இருப்பதும் அதுவேதான். 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே இல்லை. எனவே பக்கத்தில் இருப்பவர் "மிளகு" என்று சொல்லி உங்களுக்குத் தெரியாவிட்டால், தப்பு உங்கள் மேல் இல்லை.

கபெர்னே என்ற திராட்சைக் குடும்பத்தில் வரும் குடைமிளகாய் வாசத்துக்குப் பைரசின் காரணம். அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்திராமினரில் லிச்சிப் பழமும் ரோஜாவும் மணக்க ரோஸ் ஆக்சைடு காரணம். இவை பழத்தோடு வருபவை. வெண்ணெய் வாசமும் வெனிலா வாசமும் பழத்தில் கிடையாது. மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வெண்ணெய் வாசம் உண்டாகிறது. உட்புறம் தீயில் வாட்டிய புது ஓக் மரப் பீப்பாய் வெனிலாவைத் தருகிறது.

3. பாட்டில்ல திராட்சை பேரையே காணோம், ஏதோ ஊர் பேருதான் இருக்கு. எப்படி வாங்குறது?

பிரான்சில் ஊர் பெயர்தான் முதல் தகவல். ஒரு பகுதியின் பெயரைப் போட வேண்டுமானால் எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், எப்படிச் செய்வது என்று அந்தப் பகுதிக்கான விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். 1935-ல் சட்டமான இந்த ஏற்பாட்டுக்கு 'ஆப்பெல்லாசியோன்' என்று பெயர். லேபிளில் ஷாப்லி என்று இருந்தால் உள்ளே ஷார்தொனே. சான்சேர் வெள்ளை என்றால் சோவின்யோன் பிளான். பொம்மார் என்றால் பினோ நுவார். லேபிள் இதை விளக்காது, வாங்குபவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மதுரை மல்லி என்றால் நாம் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை அல்லவா, அது போல.

அல்சாஸ் இதற்கு விலக்கு. அங்கே ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினர் என்று திராட்சைப் பெயரை லேபிளிலேயே போடுவார்கள். புதிதாகத் தொடங்குபவர்களை நான் அங்கிருந்து தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

4. மண்ணோட ருசி ஒயின்ல வரும்ங்கிறது நிஜமா, சும்மா விளம்பரமா?

நிஜம்தான், ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் இல்லை. சுண்ணாம்புக்கல்லை வேர் உறிஞ்சி, அந்தச் சுண்ணாம்பு ருசி உங்கள் கிளாசுக்கு வருவதில்லை. மண் செய்வது வேறு வேலை. தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, எவ்வளவு வடியவிடுகிறது, வெயிலின் சூட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து, பழம் எப்போது பழுக்கிறது, தோல் எவ்வளவு தடிக்கிறது, புளிப்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மாறுகிறது. மண், சரிவு, வெயில் பார்க்கும் திசை, காற்று, அந்த ஊர் வழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து பிரெஞ்சுக்காரர்கள் 'தெருவார்' என்கிறார்கள். மண்வாகு என்பது கிட்டே வருகிறது, முழுதும் வரவில்லை.

இதை நேரில் பார்க்க பர்கண்டிக்குப் போக வேண்டும். கோத் தோர் என்கிற நீண்ட சரிவில் ஒரு வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர், வேறு விலை. இரண்டிலும் ஒரே பினோ நுவார்தான். நடுச்சரிவில் உள்ள நிலம் ஒசத்தி. மேலே மண் மெலிந்து குளிர் கூடும், அடிவாரத்தில் ஈரம் தங்கும். சிஸ்டர்சியன் துறவிகள் பல நூற்றாண்டுகளாக அந்தத் துண்டுநிலங்களில் உழைத்து, பார்த்துப் பார்த்து வகைப்படுத்தியவை பல இன்றும் அப்படியே இருக்கின்றன. 'கிளிமா' என்று அழைக்கப்படும் அந்தத் துண்டுநிலங்களை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

5. போர்தோ போர்தோங்கிறாங்களே, அது எப்படித்தான் இருக்கும்?

போர்தோ என்பது பெரிய ஒயின் பகுதி, எனவே ஆற்றின் எந்தக் கரை என்று முதலில் கேட்க வேண்டும். கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ழிரோந்து முகத்துவாரமாகக் கடலுக்குப் போகின்றன. இடது கரையில் மெடோக். அங்கே நிலமெல்லாம் கூழாங்கல். தண்ணீர் உடனே வடிந்துவிடும், கல் சூடாக இருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவின்யோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையில் செந்தெமிலியோனும் பொம்ரோலும். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த, குளிர்ந்த மண். சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்கு அது ஏற்றது. பொம்ரோலின் பெத்ரூஸ் தோட்டம் நீலக் களிமண் மேட்டில் இருக்கிறது. அங்கே மெர்லோ தவிர வேறு ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். மெடோக்கில் முதலில் வருவது பிளாக்கரண்ட் என்ற சிறு கறுப்புப் பழத்தின் வாசம். நம் நாட்டில் விளையாத பழம் அது. ஆனால் மலேசியாவிலும் இலங்கையிலும் வளர்ந்தவர்களுக்கு ரிபேனா என்ற பழப் பானத்தின் வாசம் என்றால் உடனே புரியும். அடுத்து பென்சில் சீவும்போது வரும் வாசம், தேவதாரு மரப் பெட்டியைத் திறந்த வாசம். வாயில் அது நிமிர்ந்து நிற்கும். துவர்ப்பு பல்லின் மேல் வரிசையாகப் படிவது தெரியும். அப்புறம் செந்தெமிலியோனைக் குடித்தால் அதே துவர்ப்பு கன்னத்தோடு உருண்டு போகும். பழுத்த பிளம்ஸ், கொஞ்சம் கோகோ, சதைப்பற்று அதிகம். வயதான மெடோக்கில் பழ வாசம் பின்னால் போய், சுருட்டுப் பெட்டியும் பதனிட்ட தோலும் முன்னால் வரும். அந்த நிலையில் மெடோக்கின் பொயியாக் ஊர் ஒயின் ஒன்று நல்லதாகக் கிடைத்தால் நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். கபெர்னே சோவின்யோன் என்பது கபெர்னே ஃபிரானும் சோவின்யோன் பிளானும் தற்செயலாகக் கலந்து பிறந்த வாரிசு என்று 1990-களில் மரபணுச் சோதனையில் தெரிந்தது. அதில் வரும் குடைமிளகாய்ச் சாயல் அப்பா அம்மா இருவரிடமும் இருக்கிறது.

6. பர்கண்டிச் சிவப்பு ஏன் இப்படி வெளுத்திருக்கு? தண்ணி சேர்த்திருப்பாங்களோ?

பினோ நுவாரின் தோல் மெல்லியது, நிறம் குறைவு. கிளாசுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். அதை வைத்து வாசத்தை எடைபோடக் கூடாது. ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, ரோஜா என்று இளசில் இருப்பது, வயதானால் காளானும் மழை நனைத்த சருகுமாக மாறும். துவர்ப்பு பட்டு போல. புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்து எல்லாவற்றையும் தாங்கும்.

ஊருக்கு ஊர் குணம் மாறுவது இங்கேதான் தெளிவாகத் தெரியும். ஜெவ்ரே ஷாம்பெர்த்தான் இறுக்கமானது, கறுத்த பழ வாசம் உள்ளது. ஷாம்போல் மியூசிஞ்யி மெல்லியது, பூ வாசம். வோன் ரொமானேவில் மசாலாச் சாயல் வரும். ஆனால் பர்கண்டியில் ஊரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற இடம் உண்டு. குளோ து வூஜோ என்ற தோட்டம் ஒரே மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர். சுமார் 80 பேருக்குச் சொந்தம். ஒருவரின் வரிசை சரிவின் மேலே, இன்னொருவருடையது சாலையோரத் தாழ்வில். லேபிளில் எல்லாருக்கும் ஒரே பெயர். எனவே இங்கே தயாரிப்பாளர் பெயரை முதலில் படியுங்கள்.

7. வெள்ளை ஒயின் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?

ஐஸ் போலக் குளிரவைத்துக் குடித்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரட்டும். ஷாப்லியும் மெர்சோவும் ஒரே ஷார்தொனேதான். ஷாப்லி வடக்கே, குளிரில், பழங்காலச் சிறு சிப்பி ஓடுகள் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் விளைகிறது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, உப்புக் காற்று. மெர்சோ தெற்கே, பீப்பாயில் கிடந்தது. வறுத்த ஹேசல்நட், வெண்ணெய், தடிமனான உடம்பு. சான்சேரில் சிக்கிமுக்கிக் கல்லை உரசியது போன்ற வாசம் வரும். வயதான அல்சாஸ் ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம் வந்தால் பயப்படாதீர்கள், அந்தத் திராட்சை வயதாகும்போது தரும் வாசம் அது. அதை விரும்பித் தேடுபவர்கள் நிறைய.

8. காரமா, சுறுக்குன்னு எதாவது இருக்கா?

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடபகுதியான வட ரோனுக்குப் போங்கள். கோத் ரோத்தி என்றால் 'வறுத்த சரிவு'. அவ்வளவு வெயில் படும் செங்குத்தான மலைச்சரிவு, படிக்கட்டுத் தோட்டங்கள், வேலை எல்லாம் கையால்தான். 2-ஆம் பதிலில் சொன்ன மிளகு வாசத்தை அங்கேயும் எர்மித்தாஜிலும் தேடலாம். கூடவே கருத்த ஆலிவும், புகை போட்ட இறைச்சியும் மணக்கும். கோத் ரோத்தியின் சிவப்பு ஒயினில் வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம்வரை சேர்க்கலாம் என்று விதி. அந்தக் கொஞ்சம்தான் பூ வாசத்தைத் தருகிறது. தெற்கு ரோன் வேறு உலகம். ஷாதோநெஃப் து பாப்பில் உருண்டைக் கற்கள் பரவிய நிலம், கிரெனாஷ் திராட்சை, 14 சதவீதத்தைத் தாண்டும் ஆல்கஹால், காய்ந்த மூலிகை வாசம்.

9. ஷாம்பெய்னுக்கு சோடா மாதிரி கேஸ் ஏத்துறாங்களா?

இல்லை. முதலில் சாதாரண வெள்ளை ஒயினாகச் செய்து, பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து, அழுத்தம் ஐந்தாறு மடங்கு வளிமண்டலத்தை எட்டும். கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணாடி அவ்வளவு தடிமனாக இருப்பதும், கார்க்குக்குக் கம்பி கட்டுவதும் அதற்குத்தான்.

வாசத்துக்குக் காரணம், செத்துப்போன ஈஸ்ட். பாட்டிலில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம், வருடம் குறித்த ஷாம்பெய்னானால் மூன்று வருடம், கிடங்கில் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 12 மாதம் பாட்டில் அடியில் ஈஸ்ட் கிடக்க வேண்டும் என்பது விதி. அது சிதையச் சிதைய பேக்கரி அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு வாசம் சேரும். காலை நேரத்தில் ரொட்டி சுடும் கடை வாசலில் நின்றிருப்பீர்களே, அதேதான். இந்த ரொட்டி வாசம் தெரிந்த பிறகு பலருக்கு நுரை இரண்டாம்பட்சம் ஆகிவிடுகிறது.

10. அழுகின திராட்சையில ஒயின் போட்டு ஒசத்தி விலைக்கு விக்கிறாங்களாமே, உண்மையா?

உண்மை, அழுகலும் நல்ல அழுகல். போர்தோவின் தெற்கே சோத்தேர்ன் பகுதியில் சிரோன் என்ற சிற்றாறு ஓடுகிறது. மர நிழலிலேயே வருவதால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். அது வெதுவெதுப்பான கரோனில் விழும் இடத்தில் இலையுதிர் காலத்துக் காலைகளில் பனிமூட்டம் எழும். அந்த ஈரத்தில் போட்ரிட்டிஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். மத்தியான வெயில் பூஞ்சையை அடக்கி வைக்கும். பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடுவதால் பழத்தின் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் வாசமும் உள்ளே இறுகும். பழம் சாம்பல் பூத்து, சுருங்கி, பார்க்க நன்றாகவே இருக்காது. பறிப்பவர்கள் வாரக்கணக்கில் அதே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வந்து, பதமானதை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். ஷாத்தோ திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் என்பார்கள். பதம் வராத வருடம் அந்தப் பெயரில் ஒயினே வெளியிட மாட்டார்கள். 2012 அப்படிப்பட்ட வருடம்.

ருசியில் காய்ந்த ஆப்ரிகாட், தேன், ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ. பாகு போல இருந்தும் திகட்டாது, அடியில் இருக்கும் புளிப்புதான் காரணம். இனிப்பு ஒயின்தான் வேண்டும் என்று 1-ஆம் கேள்வியைக் கேட்டவர்களை நான் இங்கேதான் கூட்டி வருகிறேன்.

11. வெந்தய வாசம் வர்ற ஒயின்னு ஒரு தடவை சொன்னீங்களே, அது எது?

ஜுரா மலைப்பகுதியின் 'வேன் ஜோன்', அதாவது மஞ்சள் ஒயின். சவான்யேன் என்ற திராட்சையில் செய்வது. பீப்பாயில் ஊற்றினால் ஒயின் மெல்ல ஆவியாகிக் குறையும். மற்ற இடங்களில் குறையக் குறைய நிரப்புவார்கள். இங்கே நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்கிறது, ஆறிய பாலின் மேல் ஏடு படிவது போல. அந்த ஆடைக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்து, அறுவடை முடிந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் விற்பனைக்கு வரும். 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டையான பாட்டிலில் அடைப்பார்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது அவ்வளவுதான் என்று கணக்கு.

முதல்முதலாக ஷாத்தோ ஷலோன் ஊர் மஞ்சள் ஒயினை முகர்ந்தபோது கிளாசை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன், யாராவது சமைக்கிறார்களா என்று. அம்மா சாம்பார்ப் பொடிக்கு வெந்தயம் வறுக்கும்போது, சிவந்து வெடிக்கிற அந்த நேரத்தில் எழும் வாசம். கூட வந்தவர்கள் வால்நட் என்றார்கள், கறிப்பொடி என்றார்கள். நான் வெந்தயம் என்றேன். பிறகு படித்தபோது தெரிந்தது: அந்த வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் சோட்டோலோன், வெந்தயத்துக்கு வாசம் தருவதும் அதுதான். வாயில் ஒயின் கொஞ்சமும் இனிக்காது. உப்புச் சாயல், வால்நட், நீண்ட நேரம் போகாத மணம். ஊர்க்காரர்கள் கொம்தே பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள், கோழியை இதிலேயே வேகவைப்பார்கள். இதை நம்மவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும்போது பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கு பிரான்சிலேயே நெருக்கமான ஒயின் இதுதான்.

12. ஒயின் பழசாக ஆக நல்லாயிட்டே போகும்ல?

பெரும்பாலானவை போகாது. வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டவைதான் அதிகம். வயதைத் தாங்க டானின், புளிப்பு, சர்க்கரை இவற்றில் ஏதாவது ஒன்று பலமாக இருக்க வேண்டும். டானின் துகள்கள் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் மண்டியாகப் படியும், துவர்ப்பு இளகும், நிறம் செங்கல் சிவப்பாகும். நல்ல மெடோக்கும் எர்மித்தாஜும் இருபது முப்பது வருடம் தாங்கும். சோத்தேர்னும் மஞ்சள் ஒயினும் அதைவிட அதிகம்.

இதெல்லாம் 12, 13 டிகிரியில், இருட்டில், படுக்கவைத்துப் பாதுகாத்தால்தான். சமையலறை அலமாரியில் ஐந்து கோடைகாலம் நின்ற பாட்டிலைப் பத்திரமாக வைத்திருந்ததாகச் சொல்லி என்னிடம் காட்டும் பெரியப்பாக்களிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வராது. அது ஒயினை வேகவைத்தது போலத்தான்.

13. சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு போட்டிருக்கே?

அந்தச் சொல் குளிர்ந்த பிரெஞ்சு வீடுகளுக்கானது. 16 முதல் 18 டிகிரி என்று அர்த்தம். காரைக்காலில் அறைச் சூடு 30. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கிளாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மேலே வாசம் தங்க இடம் வேண்டும்.

14. நாங்க சுத்த சைவம். ஒயின் குடிக்கலாமா?

திராட்சை சைவம்தான், தெளியவைக்கும் முறையில்தான் சிக்கல். புது ஒயின் கலங்கலாக இருக்கும், சிவப்பானால் துவர்ப்பும் முரடாக இருக்கும். போர்தோவில் 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது பழைய வழக்கம். அது டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் போகும். மிஞ்சிய மஞ்சள் கருவில்தான் போர்தோவின் கனலே என்ற கேக் பிறந்தது என்று ஊரில் சொல்லிவருகிறார்கள். வெள்ளை ஒயினுக்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளையும் பாலின் கேசினையும் பயன்படுத்துவது உண்டு.

பிறகு வடித்துவிடுவார்கள் என்றாலும், கொள்கையாகக் கடைப்பிடிப்பவர்களுக்கு அது ஆறுதல் இல்லை என்று எனக்குப் புரிகிறது. லேபிளில் 'வேகன்' குறி உள்ள பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைத்தவை, தெளியவைக்காமலே அடைத்தவை என்று இப்போது நிறையக் கிடைக்கின்றன.

15. நம்ம சாப்பாட்டோட எது ஒத்துப்போகும்?

மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் வேண்டாம். எரிச்சல் இரண்டு மடங்காகும், ஒயின் கசக்கும். காரக் குழம்புக்கு கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய வூவ்ரே என்ற வெள்ளை ஒயினோ, 2-ஆம் பதிலில் சொன்ன கெவுர்ஸ்திராமினரோ நல்லது. வறுத்த மீனுக்கும் பஜ்ஜிக்கும் ஷாம்பெய்ன் பொருந்தும். எண்ணெய்ப் பிசுக்கை அதன் புளிப்பும் நுரையும் கழுவிவிடும். மிளகுக் கறிக்கு வட ரோன் சிரா. புளிக்குழம்புக்கு நான் இன்னும் ஒரு ஜோடி கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர்தான்.

16. 'கிராண்ட் க்ரூ'ன்னு போட்டிருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்து ஊர் பெயரைப் பாருங்கள். பர்கண்டியில் அந்தப் பட்டம் நிலத்துக்கு. 33 கிராண்ட் க்ரூக்கள்தான். அதற்கு அடுத்த படி 'பிரமியே க்ரூ'. மெடோக்கில் பட்டம் தோட்ட நிறுவனத்துக்கு, அங்கே 'பிரமியே' தான் உச்சம். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்து ஒயின் தரகர்கள் ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் லஃபித், லத்தூர், மார்கோ, மெடோக்குக்கு வெளியே உள்ள ஓ பிரியோன் என்று நான்கு. 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்த் மேலேறி ஐந்தானது. அவ்வளவு காலத்தில் முதல் படியில் நடந்த ஒரே மாற்றம் அது.

சிக்கலானது செந்தெமிலியோன். அங்கே 'செந்தெமிலியோன் கிராண்ட் க்ரூ' என்பது தரவரிசை இல்லை, ஒரு ஆப்பெல்லாசியோனின் பெயர். சாதாரண பாட்டிலிலும் இருக்கும். 'கிராண்ட் க்ரூ கிளாசே' என்று கடைசிச் சொல்லும் இருந்தால்தான் தரவரிசையில் வந்தது. அந்தப் பட்டியலும் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். 2022 பட்டியலுக்கு முன் உச்சத்தில் இருந்த ஷெவால் பிளான், ஓசோன் இரண்டும் தாங்களாகவே விலகிக்கொண்டன. பெத்ரூஸ் இருக்கும் பொம்ரோலுக்குத் தரவரிசையே கிடையாது.

17. லட்சக்கணக்கில விலைன்னா ருசியும் அந்த அளவுக்கு இருக்குமா?

இருக்காது. ரொமானே கோந்தி தோட்டம் 1.8 ஹெக்டேர்தான், உலகமே அந்தச் சில ஆயிரம் பாட்டில்களுக்குப் போட்டி போடுகிறது. அந்த விலை தட்டுப்பாட்டின் விலை. 1976 மே மாதம் பாரிசில் பெயரை மறைத்து வைத்த சோதனையில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் சிவப்புக்கும் வெள்ளைக்கும் முதலிடம் கொடுத்தார்கள். பெயர் தெரியாமல் குடித்தால் நாக்கு வேறு மாதிரி பேசும். என் கணக்கில், மிகச் சாதாரண பாட்டிலிலிருந்து இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகும்போது ருசி பெரிதாகக் கூடும். அதற்கு மேலே போகப் போக கூடுதல் காசுக்கு கிடைக்கும் கூடுதல் ருசி குறைந்துகொண்டே வரும்.

18. ஒரு பாட்டில்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்துச்சு. அதுவும் 'மண்வாகு'தானா?

இல்லை, அது கெட்டுப்போனது. கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற பொருள் ஒயினின் பழ வாசத்தை அமுக்கிவிடும். உடம்புக்குக் கெடுதி இல்லை, ஆனால் காற்றுப்பட வைத்தாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம். நல்ல கடை மாற்றிக் கொடுக்கும்.

19. தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதாமே மாமா?

அந்த நம்பிக்கையில் குடிக்காதீர்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கர்ப்பமாக இருப்பவர்களும் மருந்து எடுப்பவர்களும் தொடவே வேண்டாம். குடிக்காதவர்கள் ஒயினுக்காகக் குடிக்கத் தொடங்கவும் வேண்டாம். முகர்ந்து பார்ப்பதற்கு மட்டும் வருபவர்கள் எங்கள் கடையில் உண்டு, அவர்களுக்கும் மகிழ்ச்சியாகவே ஊற்றிக் கொடுக்கிறேன்.

20. எனக்கு எல்லாத்துலயும் வெறும் ஒயின் வாசம்தான் வருது. என் மூக்குல எதாவது குறையா?

குறை இல்லை, பெயர் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு பாட்டிலை மட்டும் குடித்தால் யாருக்கும் வராது. ஒரே வருடத்து மெடோக் ஒன்றும் செந்தெமிலியோன் ஒன்றும் நடுத்தர விலையில் வாங்கி, நான்கைந்து பேர் சேர்ந்து உட்காருங்கள். கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் போதும். கிளாசைச் சுழற்றி, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மூக்கைக் கொண்டுபோங்கள். எது முன்னால் துவர்க்கிறது, எது பின்னால் என்று மட்டும் முதலில் பாருங்கள். அப்புறம் வாயில் வரும் சொல்லைத் தமிழிலேயே சொல்லுங்கள். பரண், சுண்ட வைத்த பால், அரைத்த மிளகு, புதுப் புத்தகம், எதுவானாலும் சரி. என்னிடம் ஒரு அத்தை பழைய மெடோக்கை முகர்ந்துவிட்டு, "தாத்தாவோட மர பீரோ" என்றார். தேவதாரு, சுருட்டு, தோல் என்று நான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த பீரோவுக்குள் இருந்தது.